வேதாளம் கேட்கும் கேள்வி

சினிமாவில் வில்லன் செத்தால் நமக்கு ஒரு நிம்மதி. போலீஸ் ஜீப் வந்துவிடும், சீட்டுக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பிக்கலாம். வருஷக்கணக்கில் ஓடுகிற டி.வி. தொடரில் இந்தச் சௌகரியம் கிடையாது. நல்ல வில்லன் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவனை எரித்தாலும், வெடிவைத்தாலும், விண்வெளியில் தூக்கிப்போட்டாலும் அடுத்த சீசனில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். எழுதுகிறவர்களைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. மறுபடி முருங்கை மரம்தான்.

இந்த வித்தையை அறுபது வருஷத்துக்கு மேல் செய்த தொடர், பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ'. முதல் எபிசோட் 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். 1989ல் நிறுத்தினார்கள். நடுவில் 1996ல் ஒரு டி.வி. படம். 2005ல் மறுபடி ஆரம்பித்தார்கள். பார்க்காதவர்களுக்கு மூன்றே வரி: டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி, காலத்தில் முன்னும் பின்னும் போகக்கூடியவர். வாகனம், போலீஸுக்குப் போன் பண்ணுகிற பழைய நீலப் பெட்டி. வெளியே சிறிசு, உள்ளே பெரிசு. சாகும் தறுவாயில் அவருக்குப் புது உடம்பு, புது முகம் வந்துவிடும். எனவே நடிகர் மாறலாம், கதை மாறாது.

இந்தத் தொடரில் ராட்சசர்களே வரக்கூடாது என்றுதான் முதலில் சட்டம். பி.பி.சி. நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், கனடாக்காரர். கண் பிதுங்கிய விநோத ஜந்துக்கள் வேண்டவே வேண்டாம், பிள்ளைகளுக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். ஒரு பெண்ணும் ஓர் இந்தியரும் 1963 பி.பி.சி.யில் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்ததே விஞ்ஞானக் கதை மாதிரிதான்.

முதல் கதை கற்கால மனிதர்கள். இரண்டாவது கதையிலேயே சட்டம் உடைந்தது. டிசம்பர் 21 எபிசோட் முடியும்போது ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறுகிறாள். அவளை நோக்கி ஒரு நீளமான கை வருகிறது. கையின் நுனியில், சத்தியமாக, வாஷ்பேசின் அடைப்பெடுக்கும் ரப்பர் கப். அவ்வளவுதான் காட்டினார்கள். முழு உருவத்துக்கு ஜனங்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். அதுதான் டாலெக்.

டாலெக்கை எழுதியவர் டெரி நேஷன். வடிவம் கொடுத்தவர் ரேமண்ட் க்யூசிக், பி.பி.சி.யின் மாதச் சம்பள டிசைனர். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆகவே உட்கார்ந்திருக்கும் மனிதனை வரைந்து, அவனைச் சுற்றிக் கூடு கட்டினார். கேன்டீன் மேஜையிலிருந்த பெப்பர் டப்பாவைப் பார்த்துச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. அது எப்படி நகரும் என்று காட்டத்தான் அந்த டப்பாவைக் கையில் எடுத்தாராம். குரலை 'ரிங் மாடுலேட்டர்' என்ற மின்சாதனத்தில் விட்டுக் கரகரப்பாக்கினார்கள். உலகத்தின் மிகப் பயங்கரமான வில்லன் தயார். நியூமனுக்கு மகா கோபம். ஆனால் பிரிட்டிஷ் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமைக்குச் சோபாவுக்குப் பின்னால் இடம் பிடித்து வைத்துவிட்டார்கள். அந்தச் சொல் ஆக்ஸ்ஃபர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

திரும்ப வருவதற்கு முதல் காரணம் இலக்கியமில்லை, கணக்குவழக்கு. செய்து வைத்த டாலெக்குகள் கோடவுனில் இருக்கின்றன. முதல் கதையில் கூட்டம் காட்ட, டாலெக் போட்டோக்களை ஆள் உயரத்துக்குப் பெரிசுபண்ணிப் பின்னால் நிறுத்தினார்கள். 1973ல் ஒரு மாபெரும் படை தேவைப்பட்டபோது கடையில் விற்ற பொம்மை டாலெக்குகளை அடுக்கிப் படம் பிடித்தார்கள். நேஷனின் ஒப்பந்தத்தில் டாலெக் உரிமையில் பங்கு இருந்தது, பணக்காரரானார். க்யூசிக் சம்பளக்காரர் என்பதால் ஒரு சிறு அன்பளிப்போடு சரி. 1967ல் டாலெக்குகளுக்கு 'இறுதி முடிவு' என்று அறிவித்து அழித்தார்கள். நேஷனுக்கு அவற்றை அமெரிக்கா கொண்டுபோகும் ஆசை. அமெரிக்கா சரிப்பட்டு வரவில்லை, 1972ல் டாலெக்குகள் திரும்பிவிட்டன. 2004லும் நேஷன் குடும்பத்தாரோடு உரிமைப் பேச்சு முறிந்து, டாலெக் இல்லாமலே புதுத் தொடர் என்று அறிவித்து, அப்புறம் சமாதானமானார்கள். வில்லனின் மரணத்தை வக்கீல்கள் தீர்மானிக்கும் தொழில் இது.

பரிகாசம் பண்ணவும் ஒரு விஷயம் இருந்தது. பிரபஞ்சத்தை ஆளத் துடிக்கும் இந்த ஜந்துவுக்குப் படி ஏறத் தெரியாது. மாடியில் குடியிருந்தால் தப்பித்தோம். 1988ல் முதன்முதலாக ஒரு டாலெக் படிக்கட்டில் மிதந்து ஏறியது. 2005ல் ஒரு பையன் மாடிப்படியில் நின்று கேலி பண்ண, கீழே இருந்த டாலெக் நிதானமாக 'மேலெழு' என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு உயர்ந்தது. நாற்பது வருஷ ஜோக்குக்கு ஒரே வார்த்தையில் பதில்.

ஆனால் கோடவுனும் வக்கீலும் மட்டும் போதாது. கோடவுனில் கிடந்த எத்தனையோ ரப்பர் ஜந்துக்கள் அங்கேயே மட்கிப்போயின. எது திரும்பி வந்தது என்று பார்த்தால், பயத்தில் கொஞ்சம் நிஜம் கலந்ததுதான். நேஷன் 1930ல் கார்டிஃபில் பிறந்தவர். குண்டு விழும் ராத்திரிகளில் வளர்ந்த பிள்ளை. தன் இனத்தைத் தவிர மற்றதெல்லாம் அழிய வேண்டும் என்கிற டாலெக், அவர் பார்த்த நாஜிகள்தான். 1964ல் டாலெக்குகள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் ஊர்ந்து போனதைப் பார்த்த பெற்றோருக்குப் போர் முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் ரப்பர் கப்பைப் பார்த்தார்கள். அப்பாக்கள் வேறெதையோ பார்த்திருப்பார்கள்.

1966ல் வந்த சைபர்மேனும் அப்படித்தான். அதற்கு மூலகாரணம் கிட் பெட்லர், லண்டனில் கண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நிஜ விஞ்ஞானி. உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் மனிதன் மனிதனாக இல்லாமல் போவான் என்பது அவர் கவலை. முதல் சைபர்மேனின் முகத்தில் வெறும் துணி சுற்றியிருந்தது. பின்னால் வந்த பளபள உலோக முகங்களைவிட அந்தத் துணிதான் வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே யாரோ நோயாளி இருக்கிறார் என்று தோன்றுகிறது. 2017ல் அந்தத் துணி முகங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரி. கட்டிலில் துணி சுற்றிய ஒருவர் பட்டனை அழுத்தி அழுத்தி 'வலி, வலி' என்கிறார், இயந்திரக் குரலில். நர்ஸ் வந்து ஒரு குமிழைத் திருகுகிறாள். சத்தம் நிற்கிறது. அவள் குறைத்தது வலியை அல்ல, வால்யூமை. ஐ.சி.யூ. வாசலில் ஒரு ராத்திரியாவது உட்கார்ந்திருந்தால் இந்தக் காட்சி உங்களைத் தூங்கவிடாது.

சைபர்மேன்கள் நிஜமாகவே ஒருமுறை கல்லறையிலிருந்து வந்தார்கள். பழைய டேப்புகளைத் திரும்ப உபயோகிக்கவும் அலமாரியில் இடம் பண்ணவும் பி.பி.சி. அந்நாளில் ஏகப்பட்ட நிகழ்ச்சிகளை அழித்தது. டாக்டர் ஹூவில் மட்டும் தொண்ணூறு எபிசோடுகளுக்கு மேல் இன்றும் காணோம். 1967ல் வந்த 'சைபர்மேன்களின் கல்லறை'யும் போனது போனதுதான் என்றிருந்தார்கள். 1991ல் அது நான்கு எபிசோடும் முழுசாக ஹாங்காங்கில் கிடைத்தது.

திரும்பி வருவதெல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சைபர்மேன்களுக்குத் தங்கம் ஆகாது என்று 1975ல் ஒரு விதி வைத்தார்கள். 1988க்குள் ஒரு பெண் உண்டிவில்லில் தங்கக்காசு வைத்து அவர்களைக் குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள். அழுகிற தேவதைகளும் அப்படி. 2007ல் ஸ்டீவன் மொஃபட் எழுதிய கதை. பாழடைந்த வீட்டுச் சிலைகள். நாம் பார்க்கும்வரை கல். கண்ணிமைத்தால் நகர்ந்துவிடும், தொட்டால் நம்மைப் பழைய காலத்துக்குத் தள்ளிவிடும், அங்கேயே கிழடாகிச் சாகவேண்டியதுதான். ரத்தமில்லை, ஆயுதமில்லை. லெஸ்டரிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் தங்கை பேரன், பத்து வயசு, இதை எனக்குப் போட்டுக்காட்டினான். "தாத்தா, இமைக்காதீங்க, நான் இமைக்கறப்ப நீங்க பாத்துக்குங்க" என்று முறை வைத்தான். இரண்டு பேரும் ஷிஃப்ட் போட்டு முழித்துக்கொண்டு பார்த்தோம். 2010ல் அதே சிலைகள் திரும்பியபோது புதுசு புதுசாக விதி சேர்த்து, கடைசியில் அவை தலை திருப்புவதையே காட்டிவிட்டார்கள். காட்டியதும் போயிற்று. பேரன் சிப்ஸ் எடுக்கக் கிச்சனுக்குப் போய்விட்டான்.

மாஸ்டர் என்று ஒரு வில்லன். டாக்டரின் பழைய சிநேகிதன், அதே இனம், அதே புத்தி, மனசு மட்டும் எதிர்ப்பக்கம். 1971ல் ராஜர் டெல்காடோ நடித்தார். அத்தனை நாசூக்கான வில்லனை நான் பார்த்ததில்லை. 1973ல் துருக்கியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். நடிகர் போனாலும் வில்லன் போகவில்லை. பலர் நடித்து, 2014ல் மிஸ்ஸி என்று பெண்ணாகவே வந்தான். மிஷெல் கோமெஸ் நடித்தார். 2020ல் வந்த மாஸ்டர் சாச்சா தவான், இந்திய வம்சாவளிக்காரர். இவரேதான் 2013ல், தொடர் பிறந்த கதையைச் சொன்ன படத்தில் வாரிஸ் ஹுசைனாக நடித்தவர். 1985ல் வந்த ராணி என்ற வில்லி 2025ல் திரும்பியபோது ஆர்ச்சி பஞ்சாபி நடித்தார். நாற்பது வருஷம் கழித்து ராணிக்குப் பேருக்கேற்ற முகம். 1975ல் சுடேக் என்ற எகிப்தியக் கடவுளுக்குக் குரல் கொடுத்த கேப்ரியல் வுல்ஃப், 2024ல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் அதே சுடேக்குக்கு அதே குரலைக் கொடுத்தார்.

இவ்வளவு பேர் இத்தனை தடவை வந்தும் இந்தத் தொடர் ஏன் சலிக்கவில்லை என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான்: திரும்பி வருகிற வில்லன் மாறுவதில்லை, மாறவும் கூடாது. 1963 டாலெக்கும் சமீபத்திய டாலெக்கும் ஒரே வார்த்தையைத்தான் கத்துகின்றன. மாறியிருப்பது எதிரே நிற்பவர். ஒவ்வொரு தடவையும் அதே எதிரியின் முன் வேறொரு டாக்டர். அவர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்று அளந்து சொல்வது எதிரியின் வேலை. கதவு நிலையில் பிள்ளையை நிறுத்திப் பென்சில் கோடு போடுகிறோமே, நிலை வளர்வதில்லை.

எனக்கும் அப்படி ஒருவர் உண்டு. ரிட்டயராகிப் பத்து வருஷமாகிவிட்டது, என் முதல் ஆபீஸ் மேலதிகாரி இன்னும் கனவில் வருகிறார். அதே சஃபாரி, அதே சிவப்பு மை, அதே "என்னய்யா இது?" முதலிலெல்லாம் வியர்த்து எழுந்திருப்பேன். அப்புறம் சில வருஷம் கனவிலேயே பதில் பேசிச் சண்டை போட்டேன். போன மாதம் வந்தார். "உட்காருங்க சார், சாப்பிட்டாச்சா?" என்றேன். அவர் மாறவே இல்லை. உங்களுக்கும் ஒருவர் இருப்பார். அடுத்த தடவை வந்தால் அவரை விடுங்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

டாக்டரை அளந்த மூன்று கோடுகளைச் சொல்கிறேன்.

முதல் கோடு 1975. 'டாலெக்குகளின் தோற்றம்' என்ற ஆறு எபிசோட் கதை. நேஷனே எழுதியது. டாலெக்குகளைப் படைத்த விஞ்ஞானி டாவ்ரோஸ் இதில்தான் அறிமுகம். டாலெக்குகள் பிறக்குமுன்பே தடுத்துவிடு என்று டாக்டரை அனுப்புகிறார்கள். அவை வளரும் அறையில் வெடி வைத்தாயிற்று. டாம் பேக்கரின் கையில் இரண்டு ஒயர். ஒன்றோடு ஒன்று தொட்டால் போதும். தொடவில்லை. எனக்கு இந்த உரிமை உண்டா என்று கேட்கிறார். ஒரு குழந்தையைக் காட்டி, இது வளர்ந்து லட்சக்கணக்கான பேரைக் கொல்லும் கொடுங்கோலனாகும் என்று சொன்னால், அந்தக் குழந்தையை உன்னால் கொல்ல முடியுமா என்று கூட வந்த பெண்ணிடம் கேட்கிறார். பதில் வருமுன் யாரோ ஓடிவந்து வேறு வழி பிறந்துவிட்டதாகச் சொல்ல, அவர் முகத்தில் அப்படி ஒரு விடுதலை. வேறு வழி நிலைக்கவில்லை. மறுபடி வெடி வைக்க வருகிறார். கடைசியில் அந்த ஒயர்களைச் சேர்த்து வைத்தது, மேலே ஏறி ஓடிய ஒரு டாலெக்கேதான். அதனாலும் டாலெக்குகள் அழியவில்லை, கொஞ்சம் தாமதமானதோடு சரி.

இரண்டாவது கோடு 2005. நடுவில் ஒரு மகா யுத்தத்தில் டாக்டரின் இனம் முழுவதும் அழிந்துவிட்டது. டாலெக்கில் ஒன்றே ஒன்று மிச்சம், ஒரு கோடீஸ்வரனின் பாதாள அறையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறான். டாக்டரான கிறிஸ்டோஃபர் எக்கில்ஸ்டன் அதைப் பார்த்ததும் முதலில் நடுங்குகிறார். அதற்குச் சக்தியில்லை என்று தெரிந்ததும் சிரிக்கிறார், திட்டுகிறார், மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பார்க்கிறார். முப்பது வருஷத்துக்கு முன் ஒயரைத் தொடத் தயங்கியவர். பின்னால் டாலெக் அவரிடம் சொல்கிறது, நீ நல்ல டாலெக்காக வருவாய் என்று. வில்லனின் வாயில் இதைவிடப் பெரிய வசவு இருக்க முடியாது. கடைசியில் டாக்டர் பெரிய துப்பாக்கியோடு வந்து நிற்கும்போது டாலெக் கூரையைப் பிளந்து முதன்முதலாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. நடுவில் அந்தப் பெண் ரோஸ் நிற்கிறாள். நீ என்னவாக மாறிக்கொண்டிருக்கிறாய் என்று அவள் கேட்பது டாக்டரை.

மூன்றாவது 2015. போர்க்களத்தில் ஒரு சிறுவன் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஓர் அடி வைத்தால் மண்ணுக்குள்ளிருந்து கைகள் முளைத்து உள்ளே இழுத்துவிடும். பீட்டர் கபால்டியாக வந்த டாக்டர் அவனைக் காப்பாற்றத் தைரியம் சொல்லிவிட்டு உன் பெயரென்ன என்கிறார். பையன் சொல்கிறான்: டாவ்ரோஸ். அதாவது, 1975ல் உதாரணத்துக்குச் சொன்ன குழந்தை நாற்பது வருஷம் கழித்து நேரில் வந்து நிற்கிறது. டாக்டர் அவனை அங்கேயே விட்டுப் போய்விடுகிறார். அடுத்த எபிசோடில், டாலெக் கூட்டுக்குள் அடைபட்ட அவர் தோழி வெளியே பேசத் தவிக்கிறாள். அவள் என்ன சொன்னாலும் அந்த இயந்திரம் அதை டாலெக் பாஷையாக்கிக் கக்குகிறது. தவிப்பில் 'கருணை' என்ற சொல் வந்துவிடுகிறது. டாக்டருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. டாலெக்குகளுக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும்? அவற்றைப் படைத்தவனுக்கு யாராவது ஒரு நாள் அதைக் காட்டியிருக்க வேண்டும். புரிந்துகொண்டு திரும்பிப்போகிறார். சிறுவனைக் காப்பாற்றிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்.

பார்த்து முடித்ததும் பேரன் கேட்டான், "காப்பாத்தாம விட்டிருந்தா டாலெக்கே வந்திருக்காதுல்ல தாத்தா?"

"அந்த வார்த்தையும் வந்திருக்காதுடா. அவர் சிநேகிதியும் தப்பிச்சிருக்க மாட்டா."

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆனா டாலெக்கால நிறையப் பேர் செத்துட்டாங்களே. அவங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அறுபது வருஷமாக இந்தத் தொடரை எழுதியவர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் டாலெக்குகளை ஒரேயடியாக அனுப்பியிருப்பார்கள்.

முருங்கை மரத்துக் கதையிலும் அப்படித்தானே. விக்கிரமாதித்தன் டாண் டாணென்று பதில் சொல்லச் சொல்ல வேதாளம் மரத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிக் கதையின் கேள்விக்கு ராஜாவிடம் பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டு தோளில் சுமந்து நடந்தான். அப்போதுதான் அது ஓடுவதை நிறுத்தி, அவனோடு சிநேகமாகப் பேச ஆரம்பித்தது.